மின்னை மருந்தாக்கிய ஊகோ செர்லெட்டி

சோழமண்டலக் கடலில் வாழும் திருக்கை மீன்களுள் ஒருவகை, தொட்ட கையை மரத்துப்போகச் செய்யவல்லது. அதன் உடலிலேயே மின்சாரம் பிறக்கின்றது. அவ்வின மீனை அராபியர் இடியைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்த 'ரஆத்' என்னும் பெயரால் வழங்கினர். உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்பார், தீராத தலைவலிக்கு உயிருள்ள அம்மீனை நெற்றியில் வைக்குமாறு கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிச் சென்றார். மின்சாரத்தால் மூளையைத் தொட்டுப் பார்க்கும் எண்ணம் அத்துணைப் பழமையானது. எனினும் மனச்சிதைவு நோய்க்கு அதனை முறையான சிகிச்சையாக்கியவர், அதே உரோமாபுரியில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கழித்து வாழ்ந்த ஊகோ செர்லெட்டி ஆவார்.

இத்தாலியின் வடபகுதியிலுள்ள கொனெலியானோ என்னும் ஊரில் 1877 செப்டம்பர் 26-ஆம் நாள் அவர் பிறந்தார். மருத்துவம் பயின்றபின் பாரிசு, மியூனிக், ஐடல்பெர்க் நகரங்களுக்குச் சென்று, கிரெப்பலின், அல்சைமர், நிசில் ஆகிய பேரறிஞர்களிடம் மூளையின் நுண்ணமைப்பைக் கற்றார். முதல் உலகப் போரில் ஆல்ப்சு மலைப் படையினருக்குப் பனியோடு பனியாய்த் தோன்றும் வெண்ணிற உடையை வகுத்துத் தந்தவரும் இவரே. பாரி, செனோவா நகரங்களில் பேராசிரியராய் விளங்கி, 1935-இல் உரோம் பல்கலைக்கழகத்தின் நரம்பு, மனநோய் மருத்துவப் பிரிவின் தலைமையை ஏற்றார்.

அக்காலத்தில் மனச்சிதைவுக்கு மருந்தென ஒன்றும் இல்லை. இல்லாத குரல்கள் காதில் ஒலிக்க, தொடர்பற்ற சொற்களைப் பேசிக்கொண்டு, உற்றாரையும் பகைவரென அஞ்சி வாழ்ந்த நோயாளர்கள் மதில்களுக்குள் அடைக்கப்பட்டு ஆயுளைக் கழித்தனர். 1934-இல் புடாபெசுட்டு நகரின் மெதுனா என்னும் மருத்துவர், வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகையானவை எனக் கருதி, கற்பூரமும் பின்னர் கார்டியசோலும் செலுத்தி நோயாளிக்கு வலிப்பை உண்டாக்கினார். அக்கருத்துப் பிழையெனப் பின்னர்த் தெரிந்தது. ஆயினும் பலர் தெளிவு பெற்றது மெய். பிழையான கொள்கையினின்றும் பயனுள்ள முறை பிறப்பது மருத்துவ வரலாற்றில் புதிதன்று. ஆனால் ஊசி செலுத்தியதற்கும் வலிப்பு வருவதற்கும் இடைப்பட்ட சில கணங்களில் நோயாளி அடைந்த பேரச்சம் சொல்லுந்தரமன்று.

மின்சாரம் அவ்வச்சத்தை நீக்கும் என்பது செர்லெட்டியின் எண்ணம். வலிப்பால் மூளைக்கு நேரும் மாற்றங்களை அறிய அவர் முன்பே நாய்களின்மேல் மின்சாரம் செலுத்தி ஆய்ந்திருந்தார். வாயிலும் உடலின் பின்புறத்திலும் மின்வாய்களை வைத்தமையால் மின்னோட்டம் இதயத்தின் வழியே பாய்ந்து, நாய்கள் பல மாண்டன. இரு நெற்றிப்பொட்டுகளில் வைத்தால் இதயம் தப்பும் என்பதை அவருடைய உதவியாளர் லூசியோ பினி கண்டறிந்தார். உரோம் நகரின் இறைச்சிக் கூடத்தில் பன்றிகளைத் தலையில் மின்சாரம் செலுத்திக் கொல்கின்றனர் எனக் கேட்டுச் செர்லெட்டி நேரிற் சென்றார். மின்சாரம் அவற்றை மயக்கியதேயன்றிக் கொல்லவில்லை. அறுக்காது விட்டவை எழுந்து நடந்தன. எவ்வளவு மின்சாரம் உயிர்க்கு இறுதி, எவ்வளவு வலிப்புக்குப் போதும் என்பதை அவர் அங்கேயே அளந்தறிந்தார்.

1938 ஏப்ரலில், உரோம் இரயில் நிலையத்தில் தொடர்பின்றிப் பேசித் திரிந்த ஒருவரைக் காவல்துறையினர் மருத்துவமனைக்கு அனுப்பினர். அவர் மிலான் நகரத்துப் பொறியாளர், வயது 39. முதன்முறை 80 வோல்ட் செலுத்தியபோது உடல் துள்ளியதேயன்றி வலிப்பு வரவில்லை. மறுநாள் பார்க்கலாம் எனச் சூழ நின்றோர் கூறினர். அதுவரை பொருளற்றுப் பேசிவந்த நோயாளியோ, இன்னொருமுறை வேண்டா, அது உயிரைப் பறித்துவிடும் எனத் தெளிவாக மறுத்தார். செர்லெட்டி ஒருகணம் தயங்கினார். பின்னர் 110 வோல்ட் செலுத்த ஆணையிட்டார். வலிப்பு வந்தது, மூச்சு நின்றது, முகம் நீலம் பாய்ந்தது. சூழ நின்றோர் கலங்கிய வேளையில் மூச்சுத் திரும்ப, நோயாளி அமைதியாய் எழுந்தமர்ந்தார். நிகழ்ந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. பதினொரு முறை சிகிச்சைக்குப்பின் இல்லம் திரும்பினார். பின்னாளில் நோய் மீண்டும் வந்தது.

மறுத்தவர்மேல் மின்சாரம் செலுத்தியது முறையோ என்னும் வினா இன்றளவும் ஓயவில்லை. அன்றைய மருத்துவ உலகு அதனைக் கேளாமலே இம்முறையைத் தழுவிக்கொண்டது. மயக்க மருந்தின்றிச் செய்ததால் எலும்பு முறிந்தோர் பலர். அடக்குதற்கும் தண்டித்தற்கும் பயன்படுத்திய காப்பகங்களும் உண்டு. செர்லெட்டியே தம் கண்டுபிடிப்பால் மனநிறைவு எய்தவில்லை. வலிப்பின்போது மூளையில் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே நோயைத் தணிக்கின்றது என நம்பி, அப்பொருளைப் பிரித்தெடுத்து அதிர்ச்சியையே ஒழித்துவிட வேண்டுமென இறுதிக்காலம்வரை உழைத்தார். அம்முயற்சி கைகூடவில்லை. 1952-இல் வந்த குளோர்புரோமசின் என்னும் மருந்து அவ்விடத்தைப் பெரிதும் நிரப்பியது. 1963 சூலை 25-ஆம் நாள் உரோமில் அவர் காலமானார்.

இன்று மனச்சிதைவுக்கு மருந்தே முதல் சிகிச்சை. மருந்துக்கு இணங்காத நிலையிலும், உண்ணாது பேசாது உடல் உறைந்துபோகும் நிலையிலும் மின்னதிர்வுச் சிகிச்சை இன்னும் உயிர்காக்கின்றது. இப்போது நோயாளி மயக்கத்தில் இருப்பார், தசைகள் தளர்த்தப்பட்டிருக்கும். சிலகால மறதி நேர்வதுண்டு. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் வகுத்த காந்தத் தூண்டல் முறையையும், நெற்றியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறையையும் காதில் ஒலிக்கும் குரல்களைத் தணிக்க ஆராய்கின்றனர். அவற்றுக்கு வலிப்பும் வேண்டா, மயக்கமும் வேண்டா. பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனமும் இத்துறையில் உழைத்து வருகின்றது. முடிவுகள் இன்னும் ஒருபடித்தாய் அமையவில்லை.

நம்மிடையே கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. 1794-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவமனை அங்கு எத்தனையோ குடும்பங்களுக்கு ஆறுதல் அளித்திருக்க, 'ஷாக் வைப்பார்கள்' என்னும் அச்சத்தால் நோயாளியை வீட்டினுள் மறைத்தோரும் தொலைவில் விட்டுவந்தோரும் பலர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். தர்காவை நாடிச்சென்ற நம்பிக்கையைக் குறைகூற யாம் துணியோம். சங்கிலியை நியாயப்படுத்தவும் இயலாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்வு அளிப்பதைத் தடைசெய்தது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதும் அதே பிரிவில்தான் தடைசெய்யப்பட்டுள்ளது.