தரங்கம்பாடி சீகன்பால்கு ஐயரும் பொறையாற்று எழுத்துப் பட்டறையும்

பூவத்திலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் பொறையாறு. அதையடுத்துக் கடலோரத்தில் தரங்கம்பாடி. சந்தைக்கும் உறவுக்கும் நம்மவர் அன்றாடம் போய்வரும் ஊர்கள்தாம். ஆனால் பொறையாற்றில் ஒரு காலத்தில் தமிழ் எழுத்துக்களை ஈயத்தில் வார்த்தார்கள், காகிதமும் செய்யப் பார்த்தார்கள் என்பதை நம் பங்குமக்களில் எத்தனை பேர் அறிவர்? அந்த முயற்சிக்குக் காரணமானவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர். அவர் லுத்தரன் சபைக் குரு. கத்தோலிக்க மலரில் அவருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் பிரிந்த சகோதரரை மதிக்கக் கற்பித்தது ஒருபுறமிருக்க, அண்டை ஊரில் நடந்த அரும்பணியை அறியாமலிருப்பது நமக்கே குறை.

ஐயர் 1682-இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல்நலமும் அவருக்கு எப்போதும் குறைவே. ஹாலே நகரில் சிறிது காலம் பயின்றபின், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, புளூட்சோ என்ற தோழருடன் கப்பலேறி 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அன்று அவருக்கு வயது ஏறக்குறைய 24. தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் கையில் இருந்தது. நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது 1739-இல்தான். ஐயர் காலத்தில் இப்பகுதி தஞ்சை மராட்டிய மன்னரின் சீமை.

வந்தவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. வயதான ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியாரை அழைத்து, பள்ளியையே தம் வீட்டில் நடத்தச் செய்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். குருப்பட்டம் பெற்ற ஐரோப்பியர் ஒருவர் அரிச்சுவடிப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்ததைக் கோட்டைக்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்! பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துபாஷியாக உதவினார். ஐயர் எழுத்தர்களை அமர்த்தி ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கச் செய்து, 1708-இல் தம்மிடம் சேர்ந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். அதில் சைவ, வைணவ, சமண நூல்களோடு இஸ்லாமிய நூல்களும் நம் கத்தோலிக்கக் குருக்களின் நூல்களும் இடம்பெற்றன. சேசு சபையார் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கிய கிறிஸ்தவத் தமிழைத்தான் அவரும் முதலில் கற்றார். பின்னாளில் நம் வீரமாமுனிவர் லுத்தரன்களை மறுத்து வேதவிளக்கம் எழுதினார். இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன. சண்டையிட்டவர்கள் எடுத்தாண்ட சொற்கள் பல ஒரே கருவூலத்தினின்று வந்தவை.

கோட்டைத் தலைவர் ஹாசியசுடன் ஏற்பட்ட பகையால் 1708 இறுதியில் ஐயர் சிறையிலடைக்கப்பட்டு நான்கு மாதம் துன்புற்றார்.

அச்சுக் கதைக்கு வருவோம். தமிழை முதலில் அச்சேற்றியவர் இவரல்லர். 1578-இல் கொல்லத்தில் சேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கஸ் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் வெளிவந்துவிட்டது. ஆயினும் ஐயர் காலத்தில் அந்த அச்சுப்பணி ஓய்ந்துபோயிருந்தது. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அவருக்கு ஓர் அச்சுப்பொறி அனுப்பிற்று. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தனர். உடன் வந்த அச்சர் கடலிலேயே இறந்தார். பொறி மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது! தொழில் தெரிந்த ஒருவரைக் கம்பெனிச் சிப்பாய்களிடையே கண்டுபிடித்து, முதலில் போர்த்துக்கீசிய நூல்களை அச்சிட்டனர்.

தமிழ் எழுத்து வேண்டுமே? இங்கிருந்து வரைந்தனுப்பிய வடிவங்களைப் பார்த்து ஹாலேயில் வெட்டி வார்த்தார்கள். தமிழ் நாவையே கேளாதவர்கள் செய்த எழுத்து 1713-இல் வந்து இறங்கியது. எழுத்தில் குறையில்லை, ஆனால் மிகப் பெரிது, காகிதத்தை விழுங்கிற்று. எழுத்துடன் வந்த ஆட்லர் என்ற ஜெர்மானியத் தொழிலாளர் இங்கேயே சிறிய எழுத்து வார்க்கலானார். பட்டறை அமைந்த இடம் பொறையாறு. எஃகு முனையில் எழுத்தைத் தலைகீழாக வெட்டி, செம்பில் அடித்துப் பதித்து, அந்த அச்சில் உருக்கிய ஈயத்தை ஊற்ற வேண்டும். எழுத்தாணியால் ஓலையில் வலமாகக் கீறிப் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். அதே சமயம், கொம்பும் சுழியும் எங்கே வளைய வேண்டும் என்பதை ஜெர்மானியர் தமிழரிடம் கேட்டே ஆகவேண்டும். யார் குரு, யார் சீடர் என்று பிரித்துச் சொல்ல முடியாத தொழிற்பயிற்சி அது. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தையும் உருக்கினார்களாம்.

1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயின. ஐரோப்பியக் காகிதம் போதாமல் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். அது நெடுங்காலம் ஓடவில்லை. எழுத்து வார்ப்பு வேரூன்றியது.

ஐயர் 1714-இல் ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் அழைத்துச் சென்றார். 1716-இல் ஹாலேயில் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சாயிற்று. ஜெர்மானியரின் கேள்விகளுக்குத் தமிழர் எழுதிய நூற்றை ஒட்டிய கடிதங்களையும் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். இங்கிருந்து அங்கே போன அறிவு எல்லாம் வரவேற்கப்பட்டது என்று எண்ணவேண்டாம். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலேயின் பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய எண்ணம். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. 154 ஆண்டு தாமதம்! அதை எழுதக் கேட்டும் படித்தும் அவர் பட்ட பாட்டை நினைத்தால் நமக்கே வருத்தமாயிருக்கிறது.

திரும்பி வந்த 1716-ஆம் ஆண்டிலேயே தமிழ் உபதேசியாரைப் பயிற்றும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1718-இல் புது எருசலேம் ஆலயத்தை எழுப்பினார். 1719 பெப்ரவரி 23-இல் 36-ஆம் வயதில் மறைந்து அவ்வாலயத்திலேயே அடக்கமானார். பழைய ஏற்பாட்டை ரூத்து ஆகமம் வரை மொழிபெயர்த்திருந்தார். எஞ்சியதை ஷுல்சே ஐயர் முடிக்க, 1728-இல் அச்சு நிறைவெய்தியது.