பாப்பான் மிஸ்ஸி

வீரர்னு சொன்னவுடனே துப்பாக்கிதான் நம்ம கண்ணுக்கு வரும். சிபில் கார்த்திகேசு துப்பாக்கி தூக்கியவர் அல்ல. மருந்தும் துணிக்கட்டும் தூக்கியவர்.

1899-இல் மேடானில் பிறந்த அவர் யுரேஷியர், கத்தோலிக்கர். தாதி, மருத்துவச்சி. கணவர் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர், டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு. நம்ம சமயத்தவர் இல்லையேன்னு கேட்கிற தம்பிகள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஈப்போவில் இருவரும் கிளினிக் நடத்தி வந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஈப்போவில் குண்டு போட்டான். குடும்பம் பாப்பானுக்குப் போயிற்று. அங்கே 74-ஆம் எண் கடைவீட்டில் பகலெல்லாம் ஊர் மக்களுக்கு வைத்தியம். இருட்டினால் பின்கதவு வழியாகக் காட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்கள். சிபில் கான்டனீஸ் நன்றாகப் பேசுவார், அதனால் அவர்களுக்குப் பயமில்லை. உடம்பில் பாய்ந்த குண்டை எடுத்து, காயத்தைக் கட்டி, விடியுமுன் அனுப்பிவிடுவார். ஒளித்து வைத்த ரேடியோவில் பிபிசி செய்தியும் கேட்டார். இரண்டில் எது தெரிந்தாலும் உயிர் போகும்.

1943-இல் தெரிந்துவிட்டது. கெம்பித்தாய் முதலில் கணவரைப் பிடித்தது, பிறகு இவரை. அடி, உதை, சித்திரவதை. கெரில்லாக்களின் பெயரைச் சொல்லணும், அவ்வளவுதான் கேட்டார்கள். சொல்லவில்லை. கடைசியில் சின்ன மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினார்கள். ஒரு தாய் அங்கே வாயைத் திறந்திருந்தால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் எத்தனையோ தாய்களின் பிள்ளைகள் இருந்தார்கள். சிபில் பேசவில்லை. பிள்ளை உயிர் தப்பியது. இவருக்கோ ஆயுள் தண்டனை, பத்து காஜா சிறை.

1945-இல் வெளியே வந்தபோது நடக்க முடியாத உடம்பு. சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். மன்னர் ஜார்ஜ் பதக்கம் அணிவித்தார். மலாயாப் பெண்களில் அதைப் பெற்றவர் இவர் ஒருவரே. தாடையில் ஜப்பானிய பூட்ஸ் உதைத்த காயம் மட்டும் ஆறவே இல்லை. 1948 ஜூன் 12-ஆம் தேதி இறந்தார்.

சரியாக நாலு நாள் கழித்து, ஜூன் 16, நம்ம சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்கார துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. சிபில் யாருடைய பெயர்களைக் காப்பாற்றினாரோ, அந்தக் கூட்டம் ஒரே வாரத்தில் அரசாங்கத்துக்கு எதிரியாகிவிட்டது. அப்புறம் அவர் கதையைச் சத்தமாகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? பாடப்புத்தகத்தில் அவரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு என் கேள்வி புரியும்.

ஸ்காட்லாந்தில் புதைத்த உடலை 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். வழியனுப்ப ஊரே திரண்டது. பேர் பார்க் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.