நோவுக்குச் சொல் தேடிய வைத்தியர் கிறீன்

நாட்பட்ட நோவோடு வாழ்பவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாக்கொத்துக்களை நிரப்புவது என் வேலை. நெல்லியடிச் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போகிறேன். எலும்பை எக்ஸ்ரேயில் பார்க்கலாம், சீனியை இரத்தத்தில் பார்க்கலாம். நோவைக் காட்ட அப்படியொரு கருவி இல்லை. நோகிறவர் வாயால் சொல்ல வேண்டும். வலி இருக்கிறதா என்று கேட்டால், வலிப்பைக் கேட்பதாக நினைத்து இல்லை என்று தலையாட்டும் வயோதிபர்கள் உண்டு. எங்கே நோகுது அம்மா என்று கேட்டால்தான் நாரிப்பிடிப்பு, முழங்கால் உளைவு, உள்ளங்கால் எரிவு எல்லாம் வரிசையாக வரும்.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் பெருமை எனக்கு உறைத்தது.

1822 இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, அமெரிக்க மிசன் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர். வட்டுக்கோட்டையில் தொடங்கி அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு மாறினார். மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் உடையிலும் பழக்கத்திலும் வெள்ளைக்காரராவது அவருக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவார்; கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருப்பார். இடையில் அமெரிக்கா சென்று 1862 இல் மனைவியோடு திரும்பிய கிறீன், 1864 இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மொத்தம் 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார்.

பாடநூலுக்கு எங்கே போவது? அவரே எழுதினார், மாணவர்களையும் எழுத வைத்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று நூல்கள் வந்தன. ஒரு கருத்துக்கு முதலில் தமிழில் சொல் தேடுவார், இல்லையென்றால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார். கெமிஸ்தம் அப்படிப் பிறந்ததுதான். இன்று வாசிக்கப் பல் உடையும். ஆனாலும் நோயாளியும் வைத்தியரும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

கிறீன் நோவை அளக்கும் வினாக்கொத்து எதையும் செய்தவரல்ல. ஒரு நூற்றாண்டு கழித்து, 1975 இல், கனடாவின் ரொனால்ட் மெல்சாக் நோவைச் சொல்லும் 78 சொற்களை 20 கூட்டங்களாகப் பிரித்து மக்கில் வினாக்கொத்தை வெளியிட்டார். குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா என்பதெல்லாம் அதன் பிறகுதான் அளவானது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தர வினாக்கொத்தை உருவாக்கியபோது ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கவில்லை. பல நாடுகளில் 15 நிலையங்கள் சேர்ந்து அமைத்தன. அதில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவிலுள்ள 26 கேள்விகளில் மூன்றாவது, நோ எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில்லை; அது செய்யவேண்டிய காரியத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்கிறது. கிணற்றடிக்குப் போக முடிகிறதா, கோயில் வீதியைச் சுற்ற முடிகிறதா என்று நான் விளக்குவது இதைத்தான்.

கிறீன் 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். திரும்பி வரவில்லை. வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884 இல் காலமானார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்பதே அவருடைய கல்லறையில் உள்ள அடையாளம்.