உலகத்துக்கே மரை போட்ட மனுஷன்

நைட்ரோ ஆர்.சி. கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு கிளட்ச் என்றாலே கொஞ்சம் பயம்தான். எஞ்சின் வேகம் ஏற ஏற, உள்ளே இருக்கும் ஷூக்கள் மையவிலக்கு விசையால் வெளியே விரிந்து கிளட்ச் பெல்லைப் பிடிக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துவிடும். தத்துவம் அவ்ளோதான். ஆனால் அந்த ஸ்பிரிங்கை மாட்டுவது இருக்கே, அது தனிக் கொடுமை. விரல் நுழையாத இடம், விறைப்பான கம்பி. கை நழுவினால் எங்கே பறந்து போய் விழும் என்றே தெரியாது. அதனால்தான் கிளட்ச் டூல் வாங்கலாம் என்று முடிவு செய்கிறோம். தேடிப் பார்த்தால் வகை வகையாக வந்து நிற்கும். விலையை விட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இது நம்ம வண்டிக்குப் பொருந்துமா?

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். 2.5 மி.மீ. ஸ்க்ரூவில் 3/32 இஞ்ச் ஆலன் கீயைப் போட்டுப் பாருங்கள். 3/32 இஞ்ச் என்பது 2.38 மி.மீ. உள்ளே அழகாகப் போகும். அழுத்தித் திருகினால் அறுகோண ஓட்டை வட்டமாகிவிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூ வெளியே வராது. வித்தியாசம் வெறும் 0.12 மி.மீ.!

ஒரு கம்பெனி செய்த போல்ட்டில் இன்னொரு கம்பெனி நட் ஏறும் என்று இன்று நாம் சாதாரணமாக நம்புகிறோம். 200 வருஷம் முன்னாடி அப்படி ஒரு நம்பிக்கையே கிடையாது. அதை உண்டாக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் சர் ஜோசப் விட்வொர்த். நம்ம மெட்ராலஜி லேபில் பாதிச் சாமான்களுக்கு இவர்தான் தாத்தா.

1803 டிசம்பர் 21-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர், பிறகு மத போதகர். ஜோசப்புக்குப் பத்து வயசு இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். 14 வயதில், டெர்பிஷையரில் பஞ்சாலை வைத்திருந்த மாமாவிடம் வேலை பழக அனுப்பி வைத்தார்கள். பையன் ஆலையை நடத்தக் கற்றுக்கொண்டு முதலாளி ஆவான் என்பது வீட்டார் கணக்கு. பையனுக்கோ நூல் மேல் ஆசை வரவில்லை. நூல் நூற்கும் இயந்திரத்தின் மேல் வந்தது. அதிலும் அந்த இயந்திரங்கள் எவ்வளவு கரடுமுரடாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதுதான் அவர் கண்ணை உறுத்தியது. நாலு வருஷம் ஓடியதும் ஆலையை விட்டு மான்செஸ்டருக்குப் போய்ச் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டார்.

1825-ல் ஃபிரான்சிஸ் ஆங்கர்ஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு லண்டன் போனார். அங்கே ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை கிடைத்தது. லேத் என்றால் மாட்ஸ்லி, மாட்ஸ்லி என்றால் லேத் என்று சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கிய இடம் அது. பிறகு ஜோசப் கிளெமென்ட்டிடம் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கவனிக்கவும்: சார்லஸ் பாபேஜின் டிஃபரன்ஸ் எஞ்சினுக்குப் பாகங்கள் செய்தவர் இந்த கிளெமென்ட்தான்.

இந்த வருஷங்களில் விட்வொர்த் மண்டையைக் குடைந்தது ஒரே விஷயம். சமதளம் என்றால் என்ன? ஒரு இரும்புத் தகடு தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க அதை விடத் தட்டையான இன்னொன்று வேண்டும். அது தட்டை என்று எப்படித் தெரியும்? கோழியா முட்டையா கதைதான்.

விடை, மூன்று தகடுகளில் இருந்தது. இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிசெய்தால் ஏமாந்துவிடுவோம். ஒன்று லேசாக மேடாகவும் மற்றது அதே அளவு குழியாகவும் இருந்தால், இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இரண்டுமே தட்டை கிடையாது. மூன்றாவது ஒன்றைச் சேர்த்து, எந்த ஜோடியைப் பிடித்தாலும் பொருந்த வேண்டும் என்று வைத்தால் தப்பிக்க வழியில்லை. மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். மெலிதாகச் சாயம் தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். பொடி போட்டுத் தேய்க்கக் கூடாது, சுரண்டத்தான் வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் மாநாட்டில் இதை விளக்கினார். லேபில் நாம் வெர்னியர் ஹைட் கேஜ் வைக்கிற சர்ஃபேஸ் பிளேட்டின் பூர்வ கதை இதுதான்.

அதற்கு முன்பே, 1833-ல், மான்செஸ்டர் திரும்பிச் சொந்தப் பட்டறை போட்டிருந்தார். நீராவி எஞ்சின் இணைப்போடு ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, லண்டனில் இருந்து வந்த டூல் மேக்கர் என்று வாசலில் போர்டு வைத்தார். அவர் செய்த லேத்துகளும் பிளேனிங் மெஷின்களும் சீக்கிரமே நல்ல பேர் வாங்கின.

அடுத்த தலைவலி, மரை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் தனி மரை. கோணம் வேற, ஆழம் வேற, ஒரு இஞ்சுக்கு எத்தனை சுற்று என்பதும் வேற. ஒரு மெஷினில் போல்ட் உடைந்தால் அதைச் செய்த பட்டறைக்கே ஓட வேண்டும். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது.

இங்கே விட்வொர்த் செய்த காரியத்தைக் கவனியுங்கள். இருப்பதிலேயே சிறந்த மரை என்னுடையதுதான், எல்லாரும் இதையே போடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லும் தகுதியும் இருந்தது. அதற்குப் பதிலாக, நாட்டில் இருந்த முக்கியப் பட்டறைகளில் இருந்தெல்லாம் போல்ட்டுகளைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். 55 டிகிரி கோணம் அப்படி வந்ததுதான். கால் இஞ்ச் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 20 மரை, அரை இஞ்சுக்கு 12, ஒரு இஞ்சுக்கு 8 என்று அட்டவணை போட்டு, 1841-ல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தில் வைத்தார். யாருடைய மரையும் அப்படியே ஜெயிக்கவில்லை. யாருடையதும் முழுசாகத் தோற்கவும் இல்லை. எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும். ரயில்வே கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. அடுத்த இருபது வருஷத்துக்குள் பிரிட்டன் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது.

அதன் பலன் கிரிமியப் போர் சமயத்தில் தெரிந்தது. கடற்படைக்கு அவசரமாகப் பீரங்கிப் படகுகள் தேவைப்பட்டன. ஜான் பென் என்ற எஞ்சினியர் 90 செட் எஞ்சின்கள் செய்து தர வேண்டும். மாதிரி எஞ்சின்களைப் பிரித்து, பாகங்களை நாட்டின் பல பட்டறைகளுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் 90 கேட்டார். திரும்பி வந்ததைப் பூட்டினார்கள். பொருந்தியது. பட்டறைகள் ஒரே அளவையும் ஒரே மரையையும் பேச ஆரம்பித்திருந்ததால்தான் இது நடந்தது.

1851-ல் லண்டன் மகா கண்காட்சியில் அவர் வைத்த அளவுக் கருவி இஞ்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டியது. கணக்கு எளிதுதான். இஞ்சுக்கு 20 மரை உள்ள ஸ்க்ரூ, அதைச் சுற்ற 200 பல் உள்ள வார்ம் வீல், அதைத் திருப்ப 250 கோடுகள் போட்ட சக்கரம். 20, 200, 250 மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். அதிலும் அவர் நம்பியது மரையைத்தான்.

ஆனால் அவர் வாழ்க்கை முழுக்க வெற்றி இல்லை. 1850-களில் அரசாங்கம் துப்பாக்கி விஷயமாக அவரிடம் வந்தது. அறுகோணத் துளை கொண்ட ரைஃபிள் ஒன்றை வடிவமைத்தார். 1857 சோதனைகளில் ராணுவத்தின் என்ஃபீல்டு ரைஃபிளைக் குறி துல்லியத்தில் தோற்கடித்தது. 1860-ல் விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி துப்பாக்கிச் சுடும் போட்டியைத் தொடங்கி வைக்கச் சுட்டதும் இதே ரைஃபிளைத்தான். இருந்தும் ராணுவம் வாங்கவில்லை. விலை பல மடங்கு அதிகம், சிறிய துளையில் கரி சீக்கிரம் படியும் என்றார்கள். மரையில் சராசரியைத் தேடிய மனுஷன், துப்பாக்கியில் உச்சத்தைத் தேடினார். மரை ஜெயித்தது, துப்பாக்கி ஜெயிக்கவில்லை.

பணம் நிறையச் சேர்ந்தது, குழந்தைகள் இல்லை. 1868-ல் சுமார் 1 லட்சம் பவுண்டு மதிப்புக்கு ஸ்காலர்ஷிப் திட்டம் ஆரம்பித்தார். வருஷத்துக்கு 100 பவுண்டு வீதம் 30 பேருக்கு. பேப்பரில் கணக்குப் போட்டால் மட்டும் போதாது, கையிலும் வேலை தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஃபிட்டிங் லேபில் அரத்தைப் பிடித்துக்கொண்டு எதுக்குடா இதெல்லாம் என்று அலுத்துக்கொள்ளும் முதல் வருஷத் தம்பிகள் கவனிக்கவும். 1869-ல் பாரனெட் பட்டம் வந்தது. 1887 ஜனவரி 22-ல், 83 வயதில், மான்டி கார்லோவில் இறந்தார்.

அப்புறம் அவர் மரை என்ன ஆச்சு? 1864-லேயே அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் போட்டிக்கு வந்துவிட்டார். 60 டிகிரி கோணம், தட்டையான முனை. விட்வொர்த் மரையின் முனை உருண்டை என்பதால் செய்வது கஷ்டம், இதைச் சாதாரண மெக்கானிக்கே செய்யலாம் என்பது அவர் வாதம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் நட் அமெரிக்க போல்ட்டில் ஏறாமல் நேச நாடுகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து 60 டிகிரிக்குச் சம்மதித்தன. இன்றைய மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான். விட்வொர்த்தின் எண் போய்விட்டது. எல்லாரும் ஒரே எண்ணுக்கு வர வேண்டும் என்ற அவர் வழி மட்டும் நிலைத்துவிட்டது. நம்ம ஊர் குழாய் மரையில் மட்டும் அந்த 55 டிகிரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, கிளட்ச் டூலுக்கு வருவோம். ஆர்.சி. உலகத்தில் இஞ்சும் மி.மீ.யும் இன்னும் ஒரே வண்டிக்குள் குடித்தனம் நடத்துகின்றன. சேஸிஸ் ஸ்க்ரூ எல்லாம் மெட்ரிக்காக இருக்கும். அதே வண்டியில் குளோ பிளக் கால் இஞ்ச், இஞ்சுக்கு 32 மரை. பல 21 சைஸ் எஞ்சின்களின் கிராங்க் ஷாஃப்டில் ஃப்ளைவீல் நட் ஏறுவது கால் இஞ்ச், 28 மரை. அதில் எம்6 நட்டை வைத்து வம்பாகத் திருகினால் மரை கழன்ற கேஸ் நாம்தான்.

அதனால் டூல் வாங்கும் முன் உங்கள் கிளட்ச்சில் எத்தனை ஷூ, எத்தனை பின் என்று எண்ணுங்கள். பின்னின் தடிமனையும், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரத்தையும் வெர்னியரில் அளங்கள். நட் மாற்றுவதாக இருந்தால் ஷாஃப்ட் மரையில் பிட்ச் கேஜை வைத்துப் பாருங்கள். அந்த எண்களோடு டூலின் விவரத்தை ஒப்பிடுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று மட்டும் எழுதி, அளவே போடாத டூலாக இருந்தால், போட்டிருக்கும் இன்னொன்றைத் தேடி வாங்குங்கள். மெட்ராலஜி லேபில் பிட்ச் கேஜ் சும்மாதான் கிடக்கிறது. லேப் அண்ணாவிடம் கேட்டால் பத்து நிமிஷம் தருவார்.