இடைவெளியை எழுதிய இசைஞர்: டியூக் எல்லிங்டன்

1956ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள். நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை நகரமான நியூபோர்ட்டில், ஜாஸ் விழாவின் திறந்தவெளி அரங்கிலிருந்து மக்கள் எழுந்து போகத் தொடங்கியிருந்தனர். அவ்வேளையில்தான் பதினைந்து பேர் கொண்ட ஓர் இசைக்குழு மேடைக்கு அழைக்கப்பட்டது. அன்று மாலையிலேயே அது ஒருமுறை மேடையேறியிருந்தது. நான்கு கலைஞர்கள் வந்து சேராத நிலையில் ஓரிரு உருப்படிகளோடு இறங்கி, மற்ற குழுக்களெல்லாம் வாசித்து முடிக்கும்வரை மூன்று மணி நேரத்திற்கும் மேலாகக் காத்திருந்தது. குழுவின் தலைவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்பதே இசை வட்டாரங்களில் பலரின் கணிப்பு. முந்தைய ஆண்டின் கோடையில் அக்குழு நியூயார்க்கில் ஒரு நீர் விளையாட்டுக் காட்சிக்கும் பனிச்சறுக்கு ஆட்டத்திற்கும் பின்னணி வாசித்துப் பிழைத்தது என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர்.

அந்தத் தலைவர்தான் எட்வர்டு கென்னடி எல்லிங்டன். உலகம் அறிந்த பெயர் டியூக் எல்லிங்டன்.

அவர் 1899 ஏப்ரல் 29 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தை வெள்ளையர் வீடுகளில் பணியாற்றியவர். சில வேளைகளில் குடியரசுத் தலைவர் மாளிகை விருந்துகளிலும் பரிமாறியவர். தாய் டெய்சி மகனைத் தனிப்பிறவியாகவே கருதி வளர்த்தார். கறுப்பின மக்களை இழிவாக நடத்திய நாட்டில், அந்த வீட்டிற்குள் மட்டும் பிள்ளைக்குத் தாழ்வென்பதே தெரியாமல் வளர்க்க முடிந்தது. உடையிலும் பேச்சிலும் இளவயதிலேயே தென்பட்ட மிடுக்கைக் கண்டு தோழர்கள் வைத்த பட்டப்பெயர்தான் 'டியூக்'. பிரபு என்பது அதன் பொருள். பின்னாளில் எந்த அவமதிப்பின்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. இந்த அமைதியைப் பணிவு என்று பிழையாகக் கொண்டவர்களும் உண்டு.

பியானோவை முறையாகக் கற்றது சிறிது காலமே. ஓவியம் பயில உதவித்தொகையோடு இடம் கிடைத்தும் அதை ஏற்கவில்லை. விளம்பரப் பலகைகள் எழுதிச் சம்பாதித்துக்கொண்டே இரவுகளில் நடன விருந்துகளில் வாசித்தார். 1918இல் திருமணம், அடுத்த ஆண்டில் மகன் மெர்சர் பிறந்தார். 1923இல் நண்பர்களோடு நியூயார்க் சென்றார். அங்கே ட்ரம்பெட் வாசித்த பபர் மைலி என்பாரின் சேர்க்கை அவருடைய இசையின் திசையையே மாற்றிற்று. கழிநீர்த் தொட்டியின் அடைப்பு நீக்கப் பயன்படும் ரப்பர்க் கிண்ணத்தை ட்ரம்பெட்டின் வாயில் வைத்து மூடியும் திறந்தும் மைலி எழுப்பிய உறுமலும் விம்மலும் மனிதக் குரலையே ஒத்திருந்தன. அதைக் கேட்ட எல்லிங்டன் ஒன்றை உணர்ந்துகொண்டார். ட்ரம்பெட் என்ற கருவிக்கு எழுதுவது வேறு. மைலி என்ற மனிதருக்கு எழுதுவது வேறு. அதன்பின் அவர் எழுதிய இசைத்தாள்களில் கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் வாசிப்பவரின் பெயரே இருந்தது.

1927 டிசம்பரில் ஹார்லெம் பகுதியின் காட்டன் கிளப்பில் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. ஆடுவோரும் பாடுவோரும் வாசிப்போரும் கறுப்பர். இருந்து கேட்போர் வெள்ளையர். அந்த விடுதியின் ஏற்பாடு இதுதான். வந்தோருக்கு ஆப்பிரிக்கக் காடு என்ற கற்பனையை விற்கவே அந்த உறுமல் இசை அங்கு வேண்டியிருந்தது. ஆனால் வானொலி அதை நாடெங்கும் கொண்டுசென்றது. காட்டின் ஒலி என்று விளம்பரப்படுத்தப்பட்டதற்குள் நகரத்துக் கறுப்பு மனிதரின் துயரமும் எள்ளலும் இருந்ததைச் செவியுள்ளோர் கண்டுகொண்டனர். 1930இல் வந்த 'மூட் இண்டிகோ' இதற்குச் சான்று. வழக்கமாக மேலே ஒலிக்கும் கிளாரினெட்டை அதில் கீழே இறக்கினார். கீழே இருக்க வேண்டிய ட்ராம்போனை வாயடைத்து மேலே ஏற்றினார். மூன்றே கருவிகள்தாம். ஆனால் அந்த நிறம் அதற்குமுன் எவரும் கேளாதது.

அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஓடும். எல்லிங்டன் அந்த வரம்பை யாப்பாகவே கொண்டார் எனலாம். மூன்று நிமிடத்திற்குள் அவர் அமைத்தவற்றில் ஒரு சொல்லும் மிகையில்லாத சிறு செய்யுளின் கட்டு உண்டு. எனினும் உள்ளம் பெரிய வடிவங்களை நாடியது. 1935இல் தாய் மறைந்தபோது எழுதிய 'ரெமினிசிங் இன் டெம்போ' நான்கு பக்கங்கள் நீண்டது. அதைத் தன் இயல்பை மீறிய முயற்சி என்று விமர்சகர் சிலர் கடிந்தனர். 1937இல் 'டிமினுவெண்டோ அண்டு கிரெசெண்டோ இன் புளூ' என்ற இரு பகுதிப் படைப்பு வந்தது. முதற்பகுதியில் இசை பேரோசையிலிருந்து படிப்படியாக அடங்கும். இரண்டாம் பகுதியில் மெல்லொலியிலிருந்து மீண்டும் எழும். தட்டின் இரு பக்கங்களில் அவை பதிவாயின. கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளி அவ்விரண்டிற்கும் நடுவே இருந்தது. அந்த இடைவெளியை மேடையில் எதைக் கொண்டு நிரப்புவது என்பது பல ஆண்டுகள் அவருக்குத் தீராத கேள்வியாயிற்று.

1939இல் பில்லி ஸ்ட்ரேஹார்ன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'டேக் தி ஏ ட்ரெயின்' ஸ்ட்ரேஹார்ன் எழுதியது. எல்லிங்டன் எழுதியதென்றே இன்னும் பலர் நினைக்கின்றனர். இருவரின் கைகளில் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கிற்று என்று பிரிக்க ஆய்வாளர்கள் பாடுபடுகின்றனர். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறரின் ஆக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வதில் எல்லிங்டனுக்குத் தயக்கம் இருந்ததில்லை. குழுவினர் ஓய்வாக ஊதிய சிறு சொற்றொடர்கள் அவர் காதில் விழுந்தால் மறுநாள் பாட்டாகிவிடும். ஆல்ட்டோ சாக்சபோன் வாசித்த ஜானி ஹாட்ஜஸ், தம்மிடமிருந்து பிறந்த மெட்டுகள் மேடையில் ஒலிக்கும்போது பணம் எண்ணுவதுபோல் விரல்களை அசைத்துக் காட்டுவார் என்பர். அந்தக் குறிப்பில் நியாயம் இருந்தது. அந்தச் சொற்றொடர்கள் எல்லிங்டனின் காதில் விழாதிருந்தால் அவை இன்று இருந்திரா என்பதும் உண்மையே. எல்லிங்டனின் பாடல்களிலும், ஒரு காலத்தில் அவருடைய மேலாளரின் பெயர் கூட்டாசிரியராக அச்சானதுண்டு.

1943 ஜனவரியில் கார்னகி அரங்கில் 'பிளாக், பிரவுன் அண்டு பெய்ஜ்' அரங்கேறியது. அடிமைக் காலம் முதல் தம் காலம் வரையிலான தம் மக்களின் வரலாற்றைச் சொற்களுக்குப் பெரிதும் இடந்தராமல் இசையிலேயே சொல்ல முயன்ற படைப்பு. முக்கால் மணி நேரத்தை எட்டும் நீளம். செவ்வியல் இசை விமர்சகர்கள் இதற்கு வடிவம் போதாது என்றனர். ஜாஸ் விமர்சகர்கள் இதில் ஜாஸ் போதாது என்றனர். சில மேடைகளுக்குப் பிறகு அதை முழுமையாக வாசிப்பதையே அவர் விட்டுவிட்டார். பகுதிகளை மட்டும் வாசித்தார். புண்பட்டதை வெளிக்காட்டவில்லை.

போருக்குப் பின் பெரிய இசைக்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. நடன அரங்குகள் மூடின. பாடகர்கள் முன்னுக்கு வந்தனர். 1951இல் ஹாட்ஜஸ், ட்ராம்போன் கலைஞர் லாரன்ஸ் பிரவுன், தொடக்கம் முதல் உடனிருந்த மத்தளக்காரர் சன்னி கிரியர் ஆகிய மூவரும் ஒருசேர விலகினர். எல்லிங்டன் கலைக்கவில்லை. பழைய பாடல்களால் வந்த உரிமைத் தொகையைக் குழுவின் சம்பளத்தில் கொட்டினார். எழுதியதை அன்றே காதால் கேட்க வேண்டும் என்பதே அவருடைய தேவை. அதற்கு அந்த மனிதர்கள் வேண்டும். வணிகக் கணக்கில் இது மடமை. ஆனால் அச்சேறும் வாய்ப்பில்லாதபோதும் எழுதிக்கொண்டிருக்கும் எவருக்கும் இது புரியாமற் போகாது.

1955இல் ஹாட்ஜஸ் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு நியூபோர்ட்.

அந்த இரவுக்கென்றே ஸ்ட்ரேஹார்னோடு சேர்ந்து மூன்று பகுதி கொண்ட புதிய தொகுப்பொன்றை எழுதியிருந்தார். அதை வாசித்தனர், கூட்டம் மரியாதையாகக் கை தட்டியது. பின்னர் எல்லிங்டன் 1937ஆம் ஆண்டின் அந்தப் பழைய இரு பகுதிகளை அறிவித்தார். நடுவே வாசிக்கப் போகிறவர் டெனர் சாக்சபோன் கலைஞர் பால் கொன்சால்வஸ் என்றும் கூறினார். முன்னரும் சில இடங்களில் இவ்வாறு வாசித்திருந்த கொன்சால்வஸுக்குத் தரப்பட்ட கட்டளை எளியது: வேண்டும் வரை வாசிக்கலாம்.

முதற்பகுதி அடங்கியது. கொன்சால்வஸ் எழுந்து நின்றார். பன்னிரண்டு தாளக்கட்டு கொண்ட புளூஸ் சுற்று ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, நிறுத்தவில்லை. பின்னால் பாஸும் மத்தளமும் பியானோவும் மட்டுமே. மேடையோரத்தில் இருந்த புகழ்பெற்ற மத்தளக் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டிக் குழுவைத் தூண்டினார். ஏழாம் சுற்றையொட்டி, முன்வரிசைப் பகுதியில் கறுப்பு உடை அணிந்திருந்த பெண்ணொருவர் எழுந்து தனியே ஆடத் தொடங்கினார். எழுந்து போகத் தொடங்கியவர்கள் திரும்பினர். நாற்காலிகள் மேல் ஏறினர். ஏழாயிரம் பேர் அளவிலான கூட்டம். கலகம் மூளுமோ என்றஞ்சி அமைப்பாளர் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார், எல்லிங்டன் நிறுத்தவில்லை. இருபத்தேழு சுற்றுகள் ஆயின. அதில் வித்தகம் காட்டும் பாய்ச்சல்கள் அதிகமில்லை. ஒரே நடையில், ஒரே பிடியில், சுற்றுக்குச் சுற்று அழுத்தம் கூட்டிச் சென்ற மனோதர்மம் அது. அது முடிந்து குழு முழுவதும் இரண்டாம் பகுதியில் எழுந்தபோது கூட்டம் தன்வசத்தில் இல்லை. மக்களைத் தணிக்க ஹாட்ஜஸின் மென்மையான வாசிப்பை அடுத்து வைக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டு 20 நாளிட்ட 'டைம்' இதழின் அட்டையில் எல்லிங்டனின் படம் வந்தது. தாம் பிறந்ததே நியூபோர்ட்டில்தான் என்று பின்னர் அவர் வேடிக்கையாகச் சொல்லி வந்தார்.

அந்த இரவின் இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. எல்லிங்டனின் தட்டுகளில் மிகுதியாக விற்றது அதுவே. ஆனால் மேடைக் கச்சேரி என்ற பெயரில் வந்த அதன் பெரும்பகுதி மேடையில் பதிவானதன்று. புதிய தொகுப்புக்குப் பயிற்சி போதவில்லை என்று எண்ணி, இரண்டு நாள் கழித்து நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை மறுபடி வாசித்தனர். கைதட்டலைத் தனியாக எடுத்துச் சேர்த்தனர். கொன்சால்வஸின் தனிவாசிப்பு மேடையில் எடுத்ததுதான். ஆயின் பரபரப்பில் அவர் கொலம்பியாவின் ஒலிவாங்கியை விட்டு, அயல்நாட்டு ஒலிபரப்புக்காக வைத்திருந்த வேறோர் ஒலிவாங்கியை நோக்கி வாசித்துவிட்டார். ஆகவே தட்டில் அந்தச் சாக்சபோன் கூட்டத்தின் இரைச்சலுக்குப் பின்னால், தொலைவில் ஒலித்தது. வாங்கியவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மங்கலையே நியூபோர்ட் என்று கேட்டனர்.

அதன்பின் அவருக்கு ஓய்வில்லை. 1963இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில் மேற்காசிய நாடுகள், இந்தியா, இலங்கை என்று குழு வந்தது. சென்னையும் கொழும்பும் அப்பயணத்தின் நிறுத்தங்கள். தில்லியில் எல்லிங்டன் நோயுற்று மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. நவம்பரில் துருக்கியில் இருந்தபோது கென்னடி கொலையுண்ட செய்தி வர, பயணம் பாதியில் நின்றது. கேட்டவற்றை அப்படியே பெயர்த்தெழுதும் பழக்கம் அவருக்கில்லை. மூன்று ஆண்டு ஊறவிட்டு, 1966 டிசம்பரில் 'ஃபார் ஈஸ்ட் சூட்' பதிவாயிற்று. அதில் ஸ்ட்ரேஹார்ன் தங்கியிருந்த அறைக்கு வெளியே பாடிய தில்லி மைனா ஒன்றின் குரல் கிளாரினெட்டில் வருகிறது. அடுத்த மே மாதம் ஸ்ட்ரேஹார்ன் இறந்தார்.

1965இல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் எல்லிங்டனுக்குச் சிறப்பு விருது பரிந்துரைத்தனர், மேற்குழு மறுத்தது, நடுவர் இருவர் பதவி விலகினர். இத்தனை இளமையில் தமக்குப் பெரும்புகழ் வேண்டாமென்று விதி நினைத்திருக்கலாம் என்பதே அறுபத்தாறு வயதான அவருடைய மறுமொழி.

1974 மே மாதத்தில் நுரையீரல் புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்தார். அம்மாத நடுவில் கொன்சால்வஸ் லண்டனில் இறந்துவிட்டார். அச்செய்தியை எல்லிங்டனிடம் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. மே 24 அன்று எல்லிங்டனும் மறைந்தார். நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் கூடினர். 1927 முதல் இறுதிவரை உடன் வாசித்த பாரிட்டோன் கலைஞர் ஹாரி கார்னி அதே ஆண்டு அக்டோபரில் காலமானார்.

நூற்றாண்டு நிறைவான 1999இல் புலிட்சர் குழு சிறப்பு விருதை அறிவித்தது. அதே ஆண்டில், அந்த அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையம் எடுத்திருந்த நியூபோர்ட் பதிவையும் கொலம்பியா நாடாக்களையும் இணைத்து முழுக் கச்சேரியும் புதிதாக வெளிவந்தது. இரண்டு பதிவுகளும் ஒவ்வொரு காதுக்கு ஒவ்வொன்றாய்ச் சேர்ந்ததில் மேடையின் அகலமே திரும்பக் கிடைத்தது. கொன்சால்வஸ் தவறாக நாடிய ஒலிவாங்கி அவரை முழுதாகப் பிடித்து வைத்திருந்தது. மூச்சு வாங்கும் இடங்கள் கேட்கின்றன. இடையிடையே பியானோவின் பக்கமிருந்து எல்லிங்டன் உரக்கக் கூவித் தூண்டும் குரலும் கேட்கிறது.