தேனீயின் நினைவைப் படித்தவர்

உயிரியலில் மறக்கவியலாத பெயர்களுள் ஒன்று கார்ல் வான் ஃபிரிஷ். 1886 நவம்பர் 20 அன்று வியன்னாவில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு விலங்கியலுக்கு மாறினார்.

தேனீக்களுக்கு நிறம் தெரியாது என்று ஹெஸ் என்னும் கண் மருத்துவப் பேராசிரியர் அந்நாளில் உறுதியாகக் கூறிவந்தார். ஃபிரிஷ் சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதில் மட்டும் சர்க்கரைக் கரைசல் அளித்தார். கரைசலை அகற்றி, அட்டையை இடம் மாற்றிய பிறகும் தேனீக்கள் நீலத்தையே நாடின. அவை நிறத்தை அறிகின்றன, கற்றதை நினைவிலும் வைத்திருக்கின்றன என்பது உறுதியாயிற்று.

பாட்டி யூத வழியினர் என்பதால் நாஜி ஆட்சி அவரைப் பதவியிலிருந்து நீக்க முனைந்தது. அப்போது ஜெர்மனியின் தேனீக்களை நோசிமா நோய் தாக்கியது. உணவு உற்பத்தி குறையும் என அஞ்சிய அரசு, அவரது பணியைத் தொடர அனுமதித்தது. தேனீக்களே அவரைக் காத்தன எனலாம். அப்போர்க்காலத்தில்தான், தேனீயின் நடனம் உணவிருக்கும் திசையையும் தொலைவையும் தெரிவிக்கிறது என்று கண்டறிந்தார். 1973-இல் நோபல் பரிசை லோரன்ஸ், டின்பெர்கன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். 1982-இல் மறைந்தார்.

அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இலங்கைக்கு வந்து, நமக்கும் பழக்கமான மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ ஆகியவற்றின் நடனங்களை ஆராய்ந்தார். பின்வந்த ஆய்வாளர்கள் மேலும் சென்றனர். ஒருமுறை மட்டும் கற்ற தேனீயைச் சில நிமிடங்களுக்குள் குளிரூட்டினால் அந்நினைவு அழிகிறது. பலமுறை கற்றது அழிவதில்லை. பயன் கிடைக்காததால் கைவிட்ட மணத்தை மறுநாள் மீண்டும் நினைவுகூர்வதும் உண்டு.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் தடத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஆலைகள் வேலைவாய்ப்பையும் ஏற்றுமதியையும் தந்துள்ளன, அவை தேவையே. ஆனால் தேனீ செய்யும் மகரந்தச் சேர்க்கைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. ஆகவே எந்த வரவு செலவுக் கணக்கிலும் அது இடம்பெறுவதில்லை. நேற்றுப் பூத்திருந்த புங்கை இன்று இல்லையெனில், தேனீ அதனை விட்டுப் புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும். கற்பதற்கு வேறொரு மரம் பூத்திருக்க வேண்டும். ஆலை வளாகங்களின் புல்வெளிகளுக்கு மாற்றாகப் புங்கையும் வேம்பும் புளியும் வளர்ப்பது பெருஞ்செலவன்று. ஏரிக்கரைகளில் எஞ்சிய மரங்களையேனும் காப்பது நம் கடமை.