தூக்கம் வராத ஃபெர்மி போட்ட துகள் கணக்கு

என்ரிகோ ஃபெர்மி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உலகின் முதல் அணு உலை. 1942 டிசம்பர் 2-ல் சிகாகோவில் அதை இயக்கிக் காட்டியவர் அவர். ஆனா, துகள்களைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்க்கும் இன்றைய சிமுலேஷனுக்கும் அவர் ஒரு முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது.

ராத்திரி கணக்கு

1901-ல் ரோமில் பிறந்த ஃபெர்மி, 1930-களில் அங்கேயே நியூட்ரான்களை ஆராய்ந்தார். பொருளுக்குள் நுழையும் நியூட்ரான் எங்கே மோதும், எந்தப் பக்கம் திரும்பும்? நேரடியாகக் கணக்கிடுவது கஷ்டம். அதனால், தாயக்கட்டை உருட்டுவதுபோல ஒவ்வொரு மோதலையும் தற்செயல் எண்களிடம் விட்டார். இப்படிப் பல பயணங்களைப் போட்டுப் பார்த்தால் சராசரி கிடைத்துவிடும். தூக்கம் வராத இரவுகளில் சாதாரணக் கணக்கு மெஷினில் இதைச் செய்துவிட்டு, சோதனை முடிவுகளை முன்கூட்டியே சொல்லி சக விஞ்ஞானிகளை அசத்தினார். வழியை மட்டும் வெளியிடவில்லை. 1940-களில் மற்றவர்கள் இதை வளர்த்தெடுத்தபோதுதான் 'மான்டி கார்லோ' என்ற பெயர் வந்தது.

நோபலோடு நாடு கடந்தவர்

மனைவி லாரா யூதர். 1938-ல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போன குடும்பம், இத்தாலி திரும்பாமல் அமெரிக்கா போய்விட்டது.

50 வயதில் புரோகிராமிங்

1950-களில் லாஸ் அலமோஸில் மேனியாக் கம்ப்யூட்டர் வந்ததும், ஃபெர்மி புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். பையான் துகள் புரோட்டானில் மோதிச் சிதறும் விதத்தை அதில் அலசினார். ஒரே தரவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்துவது தெரிந்தது.

அடுத்து, ஸ்பிரிங்கால் கோத்த துகள் வரிசை. ஒரே அதிர்வுக்குக் கொடுத்த ஆற்றல் எல்லா அதிர்வுகளுக்கும் பரவிவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நடந்ததோ வேறு: ஆற்றல் கிட்டத்தட்ட தொடங்கிய நிலைக்கே திரும்பி வந்தது. காகிதத்தில் யாரும் யோசிக்காததை மெஷின் காட்டிக்கொடுத்தது.

அந்த அறிக்கை 1955-ல் வந்தபோது ஃபெர்மி இல்லை. 1954 நவம்பர் 28-ல், 53 வயதில், வயிற்றுப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிருந்தது. புரோகிராமில் உழைத்த மேரி சிங்கூவுக்குக் கிடைத்தது நன்றிக் குறிப்பு மட்டும்தான். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அரை நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது.

2008-ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள், குவார்க் விதிகளிலிருந்தே புரோட்டானின் நிறையை சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள். வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செய்யும் அந்தக் கணக்குக்கும் அடிப்படை தற்செயல் எண்கள்தான்.